வாரஸ் என்று பெயர் வைத்தார்கள்

என் நாத்தனார் சுமார்னிக்கு ஒரு விஷயம் மனத்தில் பட்டுவிட்டால் போதும், அது நடந்து முடியும்வரை ஒற்றைக் காலில் நிற்பாள். என் உடம்பு வலிக்கெல்லாம் காரணம் என் பெயர்தான் என்று அவளுக்குப் பட்டது போன வருஷ மழைக்கால ஆரம்பத்தில். என் பெயர் பெர்த்திவி. பூமி என்று அர்த்தம். அப்பா ஆசை ஆசையாக வைத்தது.

"பூமியவே முதுகுல தூக்கிக்கிட்டு நடந்தா முதுகு வலிக்காம என்ன செய்யும்?" என்றாள், ஏதோ எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொல்வது மாதிரி.

எங்கள் ஊர் க்ளாத்தென் பக்கம் இது ஒன்றும் புதிதில்லை. ஒரு குழந்தை சீக்கு மாற்றிச் சீக்கு வந்து படுத்தால், பெயரின் கனம் அதற்குத் தாங்கவில்லை என்பார்கள். வெல்லம் போட்ட சிவப்புக் கஞ்சியும் தேங்காய்ப்பால் விட்ட வெள்ளைக் கஞ்சியும் காய்ச்சி, அக்கம்பக்கத்தாரை உட்கார வைத்துப் பிரார்த்தனை சொல்லி, லேசான பெயராக மாற்றிவிடுவார்கள். ஆனால் அது குழந்தைக்கு. தலை நரைத்துப்போனவளுக்கு யாராவது பெயர் மாற்றுவார்களா? கேட்டேன். வலி மட்டும் வயசு பார்த்தா வந்தது என்று திருப்பிக் கேட்டாள். அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் எங்கள் சந்தில் யாரும் கிடையாது.

வலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க மாட்டேன். கழுத்தில் ஆரம்பிக்கும். தோளுக்கு இறங்கும். இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் முழங்கை, ஒரு நாள் பாதம் என்று ஊர் சுற்றிவிட்டு மறுபடி கழுத்துக்கே வரும். வீட்டு முன்னறையில் நான் சலவைக் கடை வைத்திருந்தேன். விடுதிப் பிள்ளைகளின் துணியைக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கித் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொடுப்பேன். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கக் கை வராமல் போனதும் கடையை மூடினேன். எத்தனையோ டாக்டரைப் பார்த்தாயிற்று. ஒருவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, சந்தோஷப்படுங்கள் என்றார். அந்தப் படத்தைச் சுருட்டி அவர் மண்டையிலேயே போடலாம் போலிருந்தது எனக்கு.

வலியையாவது வலி என்று சொல்ல முடிந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்து வீட்டில் குடியேறியதே, அதை என்னவென்று சொல்ல? தலை வாருவது மலையாகத் தெரிந்தது. பிடித்த மீன் குழம்பில் ருசி இல்லை. ஜன்னலில் வெயில் வந்து விழுந்தால் கோபம் வந்தது, இன்னொரு நாளா என்று. அழுகைகூட வரவில்லை. மனசு சரியில்லை என்று எங்கள் சந்தில் வாயைத் திறந்தால் மறுநாளே எவராவது பேயோட்டுகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அதனால் இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

என் புருஷன் பர்ஜோனோ வாயில்லாப் பூச்சி. தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். ஊரில் உள்ள எல்லா மோட்டாரும் அவரிடம் பேசும், அவர்தான் மனுஷர்களிடம் பேச மாட்டார். அக்கா என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவார். பெயர் மாற்றும் விஷயத்தில் நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டேன். தனக்கென்ன வந்தது, தான் கூப்பிடுவது 'திக்' என்றுதானே என்றார். தங்கச்சி என்று அர்த்தம். பெண்டாட்டியை அப்படிக் கூப்பிடுவதுதான் எங்களுக்கு மரியாதை. புருஷனை 'மாஸ்', அதாவது அண்ணன், என்போம். இப்படிப்பட்ட மனுஷனிடம் என்னத்தைச் சொல்ல? மறுக்கிறதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை. சரி என்றேன்.

கஞ்சி காய்ச்சினார்கள். பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்தார்கள். தொழுகையிடத்துப் பெரியவர் பிரார்த்தனை சொன்னார். இன்று முதல் இவள் பெயர் வாரஸ் என்று அறிவித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள், கஞ்சியைக் குடித்தார்கள், போய்விட்டார்கள். அன்றைக்கு ராத்திரி சந்தில் உள்ள அத்தனை போனிலும் சுமார்னியின் செய்தி போய் விழுந்தது. பழைய பெயரை யாரும் வாயில் எடுக்கக் கூடாது, எடுத்தால் வலி பெயர் கேட்டு வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும் என்று.

வாரஸ் என்றால் சுகம். உடம்புக்கும் அதே சொல், புத்திக்கும் அதே சொல். இரண்டு பேர் தெருவில் பார்த்துக்கொண்டால் முதல் கேள்வியே "வாரஸ்?" தான். அதற்கு முன்னால், இல்லை என்கிற 'ஓரா'வைப் போட்டு 'ஓரா வாரஸ்' என்றால், சுகமில்லை என்று அர்த்தமில்லை, பைத்தியம் என்று அர்த்தம். ஆயிரம் பெயர் இருக்க இதைத்தான் பிடித்தாள் என் நாத்தனார்.

அந்த மாதப் பெண்கள் கூட்டத்திலேயே அது விளையாட்டைக் காட்டிவிட்டது. மரவள்ளிப் பணியாரம் யார் கொண்டுவந்தது என்று ஒருத்தி கேட்க, வாரஸ்தான் என்று இன்னொருத்தி சொல்ல, எங்கள் செயலாளர் லெஸ்தாரி தட்டில் இருந்து தலையைத் தூக்காமலே "ஓரா வாரஸ்" என்று திருத்தினாள். வாரஸ் இல்லை, வேறு ஆள் என்று சொல்ல நினைத்தாள் பாவம். கூட்டம் சிரித்தது பார், ஒருத்தி வாயில் இருந்த தேநீர் அடுத்தவள் முக்காட்டில் தெறித்தது. லெஸ்தாரி என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, அவள் சொன்னதில் என்ன தப்பு என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

சிக்கல் அதுவல்ல. ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் 'ஆமா' என்று குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். காய்கறி வண்டிக்காரர் வாசலில் வாரஸ் என்பார். ஆமா என்பேன். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து வாரஸ் என்பாள். ஆமா. சுகம். ஆமா. சுகம். ஆமா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை பொய் சொல்வது? ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தால் உண்மையைச் சொல்ல வாய் வராது. ஒவ்வொரு ஆமாவுக்கும் அப்படி ஒரு மலர்ச்சி. அடுத்த சந்தில் இருந்து இரண்டு பேர் வந்து சுமார்னியிடம் கஞ்சிப் பக்குவம் கேட்டுப் போனார்கள். அவள் நடையே மாறிவிட்டது.

அதற்கப்புறம் என்னை யாரும் வலியைப் பற்றிக் கேட்பதில்லை. முன்னெல்லாம் ஒருத்தி வந்து காசால் முதுகைச் சுரண்டி எண்ணெய் தேய்த்துவிடுவாள், உடம்பில் புகுந்த காற்று இறங்கட்டும் என்று. அது நின்றது. வாரஸுக்கு எதற்கு எண்ணெய்? விடிந்ததும் எல்லோரும் பார்க்கிற மாதிரி வாசலைக் கூட்டுவேன். இரண்டு பேரிடம் சிரிப்பேன். அப்புறம் பின்னறைக்குப் போய்ப் பாயில் விழுந்தால் மதியம்வரை எழுந்திருக்க மாட்டேன். முன்பு வலிக்கிற ஒருத்தியாவது அந்த வீட்டில் இருந்தாள். இப்போது அவளுக்கு இடமில்லை.

பர்ஜோனோவும் சேர்ந்துகொண்டார். அக்காவுக்குப் பயந்து அவரும் திக் என்பதை விட்டுவிட்டு வாரஸ் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். குளியலறைக்குள் இருந்து, மோட்டார் சத்தத்துக்கு நடுவில், வாய்க்குள்ளேயே முனகுவார், வாரஸ் என்று. ஆமா என்பேன். வேலைக்குக் கிளம்பும்போது ஒரு வாரஸ். ஆமா. அதைக் கேட்டதும் மனுஷர் சீட்டியடித்துக்கொண்டே வண்டியை எடுப்பார். அவர் சீட்டியடித்து எத்தனை காலமாயிற்று! அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை.

இந்தச் சீட்டியை நினைத்துக்கொண்டு படுத்திருந்த மதியங்களில்தான் அந்த எண்ணம் வந்தது. நான் இல்லாமல் போனால் இந்த வீடு எவ்வளவு லேசாகிவிடும் என்று. இவர் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வார். அவள் இவரோடு உட்கார்ந்து சாப்பிடுவாள், பண்டிகைக்கு ஊருக்குப் போவாள். போகிற போக்கில் வந்து போன எண்ணமில்லை. தினமும் வந்தது. வந்தபோது எனக்குப் பயமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, கொட்டித் தீர்த்த மழை விட்டிருந்தது. வாசலைக் கூட்ட என்னால் எழுந்திருக்க முடியவில்லை. முதுகு வழக்கம்போலத்தான் இருந்தது, முதுகைக் குற்றம் சொல்ல மாட்டேன். எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பர்ஜோனோ தேநீர் டம்ளரோடு கதவருகே வந்து நின்றார்.

"வாரஸ்?"

ஆமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அவர் போகவில்லை. இன்னொரு தடவை சொன்னார். இல்லை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் அந்தப் பெயருக்கு 'ஓரா' என்று பதில் சொன்னால் நானே என்னைப் பைத்தியம் என்று சொல்லிக்கொள்வதாக ஆகும். இப்படி நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே என் நாக்கு என்னைக் கேட்காமல் ஒரு சொல்லை எடுத்துப் போட்டுவிட்டது.

"துருங்."

இன்னும் இல்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் யாரும் இப்படியான கேள்விக்கு இல்லை என்று பட்டென்று சொல்வதில்லை. நாகரிகம் இல்லை. பல்லெல்லாம் விழுந்த கிழட்டுப் பிரம்மச்சாரியிடம் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள், துருங் என்பார். நானே எத்தனை பெருநாளுக்கு, எத்தனை அத்தைமார்களிடம், குழந்தை உண்டா என்ற கேள்விக்குத் துருங் துருங் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்தச் சொல்லை நான் வெறுத்த மாதிரி வேறெதையும் வெறுத்ததில்லை. அதுதான் வந்தது.

"என்ன சொன்னே?"

"துருங்னேன்."

அவர் அப்படியே பாயோரத்தில் உட்கார்ந்தார். தேநீர் பாதி கையில் சிந்தியது, சூடு தெரிந்த மாதிரியே இல்லை.

"அப்ப நேத்து? நேத்து ஆமான்னியே, திக்."

"நேத்து நீங்க எங்க கேட்டீங்க, மாஸ். கூப்பிட்டீங்க. கூப்பிட்டா ஆமான்னுதானே சொல்லணும்."

அவருக்கு எதுவும் புரிவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

"நான் என்னிக்கு உன்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்?" என்றார். "நான் கேட்டுக்கிட்டுல்ல இருந்தேன். காலைல கேப்பேன், போறப்ப கேப்பேன், வந்து கேப்பேன். சுகமா, சுகமான்னு. நீ ஒவ்வொரு தடவயும் ஆமா ஆமான்னே."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரித்தேன். இந்த மனுஷன் கல்யாணம் ஆன நாளாக இப்படி வாய் திறந்து என்னை எதையும் கேட்டதில்லை. கேட்க ஆரம்பித்த காலத்தில் கேள்வியையே எனக்குப் பெயராக வைத்துத் தொலைத்துவிட்டார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியாது. எத்தனையோ மாதமாக வராத அழுகை, முதுகு குலுங்கக் குலுங்க வந்தது. குலுங்கினதில் வலித்தது. வலிக்கிறது என்று சொன்னேன். பெயர் வைத்த பிறகு அன்றைக்குத்தான் முதல்முறை சொல்கிறேன். கஞ்சி குடித்த அன்றும் வலித்தது, வாசல் கூட்டினபோதும் வலித்தது, கூட்டத்தில் சிரித்தபோதும் வலித்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த மதிய எண்ணத்தையும் சொன்னேன். இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வதுவரை சொன்னேன்.

அவர் அழுதார். அவருக்கு அழத் தெரியாது, மூக்கைத்தான் உறிஞ்சத் தெரியும். மசகு ஏறிய கையால் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார், நான் எழுந்து ஓடிவிடுவேன் என்பது மாதிரி.

"நீ துவைக்க வேணாம், கூட்ட வேணாம், ஒரு மண்ணும் செய்ய வேணாம்," என்றார். "படுத்தே கெட. ஆனா இரு."

அவ்வளவுதான். அதற்கு மேல் பேச அவரிடம் சொல் கிடையாது. எனக்கும் அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை. சுகமாக இருந்தால்தான் நான் இவருக்கு வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன் போல.

இந்த நேரம் பார்த்துச் சுமார்னி வந்து நின்றாள், கையில் பலாக்காய்க் கூட்டும் சோறுமாக. கதவுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நின்றாளோ, முகம் வெளிறிப் போயிருந்தது. முதலில் தம்பியைத் திட்டினாள், காரணமே இல்லாமல். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"வலிக்குது அக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன்னக் கடிச்சா தின்னுருப்பேன்?"

கடித்துத் தின்றிருப்பாள்தான் என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டே என் தோளில் ஒரு தட்டு தட்டினாள். எந்த இடத்தில் தட்டினால் வலிக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். பிறகு, ஊர்ச் சுகாதார நிலையத்தில் வியாழக்கிழமை தோறும் மனசுக்கு என்று ஒரு டாக்டரம்மா வருகிறாள், நல்ல மாதிரி, அவசரப்படுத்த மாட்டாள், அவளிடம் போகலாம் என்றாள்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

சுமார்னி ஜன்னலைப் பார்த்தாள். அவள் ஜன்னலைப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை.

"எங்க வீட்டுக்காரர் செத்துப் போனப்புறம் ரெண்டு வருஷம் போனேன். ஊர்ல பிரஷர் மாத்திரைக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டேன்."

பர்ஜோனோ மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினார். ஒரே சந்தில், ஒரே கூட்டை மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு பொய்யோடு இத்தனை நாள் இருந்திருக்கிறோம். சந்துக்கே ராணி மாதிரி நடந்த இவளா என்று எனக்கு அவள் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அப்படியானால் கஞ்சி காய்ச்சினது தண்டமா என்று வருத்தமாகக் கேட்டாள். கஞ்சி நன்றாகத்தான் இருந்தது என்று தம்பி சொன்னார். அவள் அவரை முறைத்தாள்.

இரண்டு வாய் சாப்பிட்டேன். ருசி தெரிந்தது என்று சொன்னால் கதையாகிவிடும், தெரியவில்லை. உப்பு மட்டும் லேசாகத் தெரிந்தது. நாத்தனார் என் தலையை வாரிவிட ஆரம்பித்தாள், வாயால் யாரையோ திட்டிக்கொண்டே. வலி கழுத்தில் தன் இடத்தில்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்து மோட்டார் ஒன்று நின்றுபோய் ஆள் வந்துவிட்டது. பர்ஜோனோ போகவா வேண்டாமா என்று நின்றார். அக்கா அவரைப் போகச் சொன்னாள், தான் இருப்பதாக. அவர் ஹெல்மெட்டை மாட்டினார், கழற்றினார், மறுபடி கதவுவரை வந்தார்.

"வாரஸ்?" என்றார். இந்தத் தடவை நன்றாக இழுத்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல், கேள்வியாகவே கேட்டார்.

"இப்பத்தானே சொன்னேன். துருங்."

"சரி," என்றார் அவர். "நாளைக்குக் கேக்குறேன்."

வண்டிச் சத்தம் சந்து முனையில் திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். மனுஷர் சொன்னால் செய்கிறவர், நாளைக்கு நிச்சயம் வந்து கேட்பார். கேட்கும்போது பதில் சொல்ல நான் இருக்க வேண்டும்.